மூரெனைச் சுற்றி இரண்டு நாள் நடை: மஞ்சள் பலகைகளுக்கு என் மதிப்பெண்

சுவிஸின் மூரென் கிராமத்தைச் சுற்றியுள்ள மலைப் பாதைகளில் ஜூலை மாதம் இரண்டு நாள் நடந்துவிட்டு வந்திருக்கிறேன். கடைக்கும் உணவகத்துக்கும் மதிப்புரை எழுதுகிறோம். பாதைகளுக்கு யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை. அவையும் ஒரு சேவைதான். பனி உருகியதும் யாரோ மேலே ஏறிப்போய் உடைந்த படியைச் சரிசெய்கிறார்கள், பாறையில் மங்கிய வண்ணத்தைத் திரும்பப் பூசுகிறார்கள், சாய்ந்த பலகையை நிமிர்த்துகிறார்கள். நடப்பவரிடம் அதற்கு ஒரு சதமும் வாங்குவதில்லை. ஆகவே இது அந்தப் பாதைகளுக்கும், அவற்றில் நிற்கும் மஞ்சள் பலகைகளுக்கும், போகிற வழியில் நாங்கள் தங்கிய ரோட்ஷ்டொக் என்ற மலைக் குடிலுக்குமான மதிப்புரை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இந்த மதிப்பெண் எந்தக் கால்களுக்குப் பொருந்தும் என்று உங்களுக்குப் புரியும். எனக்கு அறுபத்தொரு வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். எங்கள் குடாநாட்டில் மலையே கிடையாது. கீரிமலை பெயரில் மட்டும்தான் மலை, போனால் கடற்கரையும் கேணியும்தான். பேர்ண் நகரத்துக்கு வந்த நாள்முதல் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. காலையில் சாப்பாட்டு மண்டபத்துத் தொலைக்காட்சியில் மலை உச்சிகளில் பொருத்திய கேமராக்களின் காட்சி ஓடும். பின்னணியில் நாட்டுப்புற இசை. ஷில்ட்ஹோர்ன், யுங்ஃப்ராவ், டிட்லிஸ் என்று பெயர்கள் மாறி மாறி வரும். பாண் தட்டுகளை வைத்துக்கொண்டே இருபது வருடத்துக்கு மேல் அந்த மலைகளைப் பார்த்திருக்கிறேன். ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இடம். ஒருநாளும் போனதில்லை.

அந்த இல்லத்தில் இருந்த ஒரு அம்மா லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் பிறந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே திரையைக் காட்டி, "இன்றைக்கு யுங்ஃப்ராவ் தெளிவாக இருக்கிறாள், போகவேண்டிய நாள்" என்று சொல்லுவார். போக வழி தெரியாதே என்று நான் சொன்னபோது, "மஞ்சள் பலகையில் போட்டிருக்கும் நேரத்தை நம்பு. இளைப்பாறும் நேரத்தை மட்டும் நீயே கூட்டிக்கொள்" என்றார். வலது முழங்காலுக்குச் சிகிச்சை செய்தவர், நடந்தால்தான் நல்லது என்று சொன்ன பிறகு, இரண்டு வருடம் ஆரெ ஆற்றின் ஓரத்திலும் சிறிய குன்றுகளிலும் பழகிவிட்டு, இந்த வருடம் மச்சாளையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

பேர்ணில் இருந்து இண்டர்லாக்கன் ஓஸ்ட் வரை ஒரு ரயில். அங்கிருந்து லவுட்டர்புருன்னனுக்கு இன்னொன்று. இந்த இரண்டாவது ரயிலில் ஏறும்போது கவனம் வேண்டும். ஒரே ரயிலாகப் புறப்பட்டு, ஸ்வைலூட்ஷினன் நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி கிரிண்டல்வால்டுக்கும் மறு பாதி லவுட்டர்புருன்னனுக்கும் போகும். பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஊரைப் பார்த்து ஏறுங்கள். எங்கள் பெட்டியில் இருந்த ஒரு குடும்பம் பாதி வழியில்தான் அதைக் கவனித்து, பெட்டி படுக்கைகளோடு மேடையில் ஓடியது.

லவுட்டர்புருன்னன் ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில், இரண்டு பக்கமும் சுவர்போலப் பாறை எழுந்து நிற்கும் பள்ளத்தாக்கு. நிலையத்தை விட்டு வந்ததும் ஷ்டவ்பாக் அருவி தெரியும். 297 மீட்டர் வீழ்ச்சி. விழுகிற தண்ணீர் பாதியிலேயே காற்றில் பொடியாகிப் புகைபோலப் பறக்கிறது. 1779இல் கவிஞர் கோதே இங்கே வந்து, அந்த அருவியைப் பார்த்த பிறகு ஒரு கவிதை எழுதினார். கோடைக்காலப் பகலில் இந்த ஊர்த் தெருவில் கூட்டம் மிக அதிகம். அருவியை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மேலே ஏறுவதே நல்லது என்பது என் எண்ணம்.

மூரென் 1,638 மீட்டரில், அந்தப் பாறைச் சுவரின் விளிம்பில் இருக்கிறது. கார் போகும் பாதை இல்லை. நானூற்றுச் சொச்சம் பேர் வாழும் அந்தக் கிராமத்துக்கு இரண்டு வழிகளில் ஏறலாம். பள்ளத்தாக்கின் உள்ளே ஷ்டெக்கல்பேர்க்கில் இருந்து நேராக ஏறும் புதிய கேபிள் கார் 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது, 159.4 சதவீதச் சரிவு (நூறு மீட்டர் முன்னே போனால் 159 மீட்டருக்கு மேல் ஏறும்), உலகிலேயே மிகச் செங்குத்தான கேபிள் கார் என்று அதைச் சொல்கிறார்கள். மச்சாளுக்கு உயரம் என்றால் பயம். அதனால் பழைய வழியைத் தேர்ந்தோம்: லவுட்டர்புருன்னனில் இருந்து குரூட்ஷ்ஆல்ப் வரை கேபிள் கார், அங்கிருந்து சிறிய மலை ரயில். 1891இல் தொடங்கிய வழி இது. கீழ்ப்பகுதியில் முன்பு கம்பியால் இழுக்கும் இழுவை ரயில் ஓடியது. 2006இல் அதை எடுத்துவிட்டுக் கேபிள் கார் போட்டார்கள். அந்தக் கேபிள் காரின் வயிற்றுக்குக் கீழே ஒரு சாமான் தட்டு தொங்குகிறது. கிராமத்துக்குப் போகும் பொருள்கள் நம் காலடியில் தொங்கியபடி வருகின்றன. சமையல்காரியான எனக்கு அதைப் பார்த்ததும், மேலே கிடைக்கப் போகும் ஒவ்வொரு தக்காளியின் விலையும் நியாயமாகப் பட்டது.

குரூட்ஷ்ஆல்பில் ரயிலில் ஏறும்போது இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். மரங்கள் விலகும் இடத்தில் ஐகர், முன்ஷ், யுங்ஃப்ராவ் மூன்றும் ஒன்றாக வந்துவிடும். ஐகரை விட்டுவிட்டுப் பொருள் பெயர்த்தால், முன்ஷ் என்றால் துறவி, யுங்ஃப்ராவ் என்றால் கன்னி. இருபது வருடம் தொலைக்காட்சியில் உள்ளங்கையளவு பார்த்த மலை, ஜன்னல் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. நான் அழுதுவிட்டேன். மச்சாள் ஒன்றும் கேட்காமல் கையைப் பிடித்துக்கொண்டார்.

காலுக்கு அவசரம் இல்லாதவர்கள் ரயிலை விட்டுவிட்டு குரூட்ஷ்ஆல்பில் இருந்து மூரென் வரை நடக்கலாம். ஏறக்குறைய சமதளம், ஒன்றேகால் மணி நேரம் அளவில் ஆகும். முழங்கால் எப்படியிருக்கிறது என்று சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல பாதை இல்லை. எங்களுக்கு அன்றைக்கு மேலே போக வேண்டியிருந்ததால் சக்தியைச் சேமித்தோம்.

மூரெனில் இருந்து 1912ஆம் ஆண்டு முதல் ஓடும் இழுவை ரயிலில் அல்மெண்ட்ஹூபலுக்கு, 1,907 மீட்டருக்கு, நான்கு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். கோடையில் அந்தச் சரிவுகள் முழுக்கப் பூ. அங்கேயிருந்துதான் வடமுகப் பாதை என்று பெயர் வைத்திருக்கும் நடைவழி தொடங்குகிறது. புளூமன்டால், அதாவது பூப்பள்ளத்தாக்கு, அதன் வழியாகப் போய் ஷில்ட்ஆல்ப், ஸ்பீல்போடன்ஆல்ப் என்ற மேய்ச்சல் நிலங்களைத் தொட்டு மூரெனுக்கே திரும்பும் வட்டம். நாங்கள் ஸ்பீல்போடன்ஆல்பில் வட்டத்தை விட்டுப் பிரிந்து குடிலுக்கு ஏறினோம். எதிரே நிற்கும் மலைகளின் வடக்கு முகங்களில் யார் எப்போது ஏறினார்கள் என்று சொல்லும் பலகைகளை வழியில் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பலகைகள் எனக்கு மிகவும் பிடித்தன. ஐகரின் வடக்கு முகத்தில் பலர் உயிரைக் கொடுத்த பிறகு, 1938 ஜூலையில் ஹெக்மையர், ஃபோர்க், காஸ்பாரெக், ஹாரர் என்ற நால்வர் முதன்முதலில் ஏறி முடித்தார்கள். 4,158 மீட்டர் யுங்ஃப்ராவில் மனிதர் கால் வைத்தது 1811இல்; அதுவும் நாம் மூரெனில் நின்று பார்க்கும் பக்கத்தால் அல்ல, மறுபக்கத்துப் பனியாற்று வழியாக. இதை வீட்டில் இருந்து வாசிப்பது வேறு. அந்தச் சுவரைக் கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டு, இடது கையால் வெயிலை மறைத்தபடி, எந்த வெடிப்பால் ஏறியிருப்பார்கள் என்று தேடிக்கொண்டே வாசிப்பது வேறு. மச்சாள் ஒரு பலகையின் முன்னால் கால் மணி நேரம் நின்றார்.

இனி மஞ்சள் பலகைகள். சந்தி எதுவானாலும் ஒரு கம்பம். அதில் அம்புபோலக் கூர்மையான மஞ்சள் பலகைகள். நடுவே வெள்ளைத் தகட்டில் நாம் நிற்கும் இடத்தின் பெயரும் உயரமும் இருக்கும். தூரத்தைப் போடாமல் நேரத்தைப் போட்டிருப்பதுதான் இதன் அறிவு. மலையில் மூன்று கிலோமீட்டர் என்றால் யாருக்கு என்ன விளங்கும்? ஏற்றமா இறக்கமா என்று தெரியாதே. இந்த நேரத்தைக் கணக்கிடுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: சமதளத்தில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் நடப்பவரை அளவாகக் கொண்டு, ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி கூட்டுகிறார்கள். இளைப்பாறும் நேரம் அதில் சேராது. இல்லத்து அம்மா சொன்னது அப்படியே சரி.

முழு மஞ்சளாக இருந்தால் சாதாரண நடைபாதை. கூர் முனையில் வெள்ளை-சிவப்பு-வெள்ளை பட்டை இருந்தால் மலைப் பாதை: செங்குத்தும் ஒடுக்கமும் இருக்கும், உறுதியான சப்பாத்து வேண்டும், தலைசுற்றல் உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். நீலப் பலகையில் வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் அது பாறையிலும் பனியிலும் பழகியவர்களுக்கு. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புறப்படும் முன் நகரத்தில் ஒரு பயண மேசையில் விசாரித்தபோது, குடில்வரை குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டே போகலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அது தவறு. ஸ்பீல்போடன்ஆல்பைத் தாண்டியதும் முனை சிவப்பாகிவிட்டது. பாதை வளைந்து வளைந்து செங்குத்தாக ஏறியது. மேசையில் இருந்தவரின் சொல்லைவிடக் கம்பத்தில் இருந்த வண்ணம் உண்மை சொன்னது. யார் என்ன சொன்னாலும் முனையின் நிறத்தைப் பாருங்கள்.

இந்த ஒழுங்கு தானாக வந்ததில்லை. 1930களில் சூரிச் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் யோகான் யாக்கோப் எஸ் என்பவர், தெருக்களைக் கார்கள் பிடித்துக்கொண்டதால் நடப்பவர்களுக்குத் தனி வழியும் நாடு முழுக்க ஒரே மாதிரியான அடையாளமும் வேண்டும் என்று முனைந்தார்; 1934இல் அதற்கான சங்கம் உருவானது. 1979இல் மக்கள் வாக்களித்து நடைபாதைகளை அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். பிறகு 1985இல் வந்த சட்டம், ஒரு நடைபாதையை எடுத்தால் அதற்கு ஈடாக இன்னொன்றைக் கொடுக்க வேண்டும் என்கிறது. இப்போது ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் பாதைக்கு அடையாளம் இட்டிருக்கிறார்கள். நான் இந்த நாட்டில் வரி கட்டத் தொடங்கி முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அந்தக் காசில் எனக்கும் ஒரு பாதை இருக்கிறது என்று ஷில்ட்ஆல்ப் கம்பத்தடியில் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

அங்கேதான் மதியச் சாப்பாடு. பாணும் கட்டைச் சம்பலும் கொண்டுபோயிருந்தோம். கட்டைச் சம்பல் வெயிலில் கெடாது, உப்பும் உறைப்பும் வியர்த்த உடம்புக்கு நல்லது. எள்ளுருண்டையும் ஒரு டப்பா. மலைக்குப் போகிறவர்களுக்குக் கடைகளில் விற்கும் எந்தச் சத்துக் கட்டியைவிடவும் எள்ளுருண்டை மேல் என்று உறுதியாகச் சொல்லுவேன். சட்டைப்பையில் நசுங்குவதும் இல்லை, உருகுவதும் இல்லை. பக்கத்துச் சரிவில் மர்மோட்டுகள், அந்தக் கொழுத்த மலை அணில்கள், விசில் அடிப்பதுபோலக் கத்தின. பார்த்தால் ஒன்று பின்னங்காலில் நிமிர்ந்து காவல் நின்றது.

மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் பாதையிலேயே படுத்திருக்கும். கன்றோடு இருக்கும் தாய்மாட்டை விட்டு விலகிச் சுற்றிப் போகவேண்டும். கன்றைத் தடவ ஆசைப்படக் கூடாது. மின்கம்பி வேலிகளில் பிளாஸ்டிக் கைப்பிடி இருக்கும். அதைப் பிடித்துத் திறந்து, கடந்ததும் மறக்காமல் கொளுவிவிடுங்கள். எங்களுக்கு முன்னால் போன ஒருவர் திறந்தபடி விட்டுப் போனார். மச்சாள்தான் திரும்பிப் போய்க் கொளுவினார்.

பிரிண்ட்லி என்ற பாறை மேட்டுக்கு ஏறும் வளைவுகள்தான் இரண்டு நாளிலும் கடினமான பகுதி. நிழலே இல்லை. இருபது வளைவுக்கு ஒருமுறை நின்று, நீர் குடித்து, மூச்சு அடங்கியதும் நடந்தோம். மச்சாள் பள்ளத்தைப் பார்க்காமல் என் சப்பாத்துக் குதியையே பார்த்துக்கொண்டு வந்தார். மேலே போய் நின்றதும், "மச்சாள், இப்போது திரும்பிப் பார்க்கலாமா?" என்று கேட்டார். பார்த்தார். மூரென் கூரைகள் தீப்பெட்டியளவில் கீழே இருந்தன. எதிரே யுங்ஃப்ராவின் தோளில் இருந்து பனி வெள்ளையாய் வழிந்தது. நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பனியைப் பற்றி ஒரு கவலை. சுவிஸ் பனியாறுகள் 2022, 2023 ஆகிய இரண்டு வருடங்களில் மட்டும் தங்கள் பருமனில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் திரையில் பார்த்த வெள்ளைக்கும் இப்போது நேரில் பார்க்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் என் கண்ணுக்கே தெரிகிறது. பனியின் கீழ் ஓரத்தில் சாம்பல் நிறப் பாறை பட்டையாகத் தெரிகிறது. போகிற எண்ணம் இருப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள்.

பிரிண்ட்லியில் இருந்து ரோட்ஷ்டொக் குடிலுக்குப் பாதை மலையின் இடுப்பைச் சுற்றிப் போகிறது. பெரிய ஏற்றம் இல்லை. குடில் 2,039 மீட்டரில், பக்கத்துப் பள்ளத்தாக்கு ஊரான ஷ்டெக்கல்பேர்க்கின் பனிச்சறுக்குச் சங்கத்துக்குச் சொந்தமானது. கோடையில் மட்டும் ஆள் இருப்பார்கள். முன்கூட்டியே இடம் பதிவுசெய்ய வேண்டும். தனி அறையும் தனிக் குளியலறையும் எதிர்பார்ப்பவர்கள் மூரென் விடுதிகளிலேயே தங்கட்டும். இங்கே நீண்ட மரத்தட்டில் வரிசையாக மெத்தைகள். நம் மெல்லிய படுக்கைப் பையைக் கொண்டுபோக வேண்டும். காதை அடைக்கப் பஞ்சும் கொண்டுபோங்கள். எனக்கு இரண்டு பக்கமும் குறட்டை. சப்பாத்தை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். நம் வீட்டு முறைதானே, எனக்கு மகிழ்ச்சி.

சாப்பாட்டைப் பற்றி என் தொழில் சார்ந்து கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே சாப்பாடு. முதலில் சூப், பிறகு ஆல்ப்லர் மக்ரோனன்: மக்ரோனியும் உருளைக்கிழங்கும் பாலேட்டில் சீஸோடு கலந்து, மேலே பொன்னிறமாய்ப் பொரித்த வெங்காயம், பக்கத்தில் வேகவைத்து மசித்த ஆப்பிள். பலருக்கு ஒரே சட்டியில் இதைச் செய்தால் கிழங்கு குழையும், மக்ரோனி பசையாகும். நான் இல்லத்தில் நூறு முறை செய்து பார்த்தவள். இங்கே கிழங்கின் மூலை உடையவில்லை. வெங்காயம் கடைசி மேசைக்கு வரும்போதும் மொறுமொறுப்பாக இருந்தது. அதாவது யாரோ அடுப்படியில் நின்று தொகுதி தொகுதியாகப் பொரித்திருக்கிறார்கள். மச்சாள் வெள்ளிக்கிழமை சைவம். பதிவு செய்யும்போதே சொல்லியிருந்தோம். பன்றித் துண்டு சேராத தட்டு, கேட்காமலே அவர் முன்னால் வந்தது. கடை இல்லாத இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் ஒருவரின் விரதத்தை நினைவில் வைத்துச் சமைப்பதை நான் சாதாரணமாக எடுக்க மாட்டேன். சமையலறைக் கதவில் நின்று நன்றி சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போனேன்.

மேசையில் எங்களோடு இருந்த இளைஞர் இருவர் செஃபினன்ஃபுர்க என்ற கணவாயைக் கடந்து வந்திருந்தார்கள், 2,612 மீட்டர். வாடூஸ் நகரில் இருந்து மொந்த்ரோ வரை, ஏறத்தாழ 390 கிலோமீட்டர் நீளும் வியா அல்பினா என்ற நெடும்பாதை இந்தக் குடிலைத் தொட்டுத்தான் போகிறது. அவர்கள் அதை எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் யாழ்ப்பாணம் என்று சொன்னதும் ஒருவர், பேர்ணில் மதங்களின் இல்லத்தில் இருக்கும் சைவக் கோயிலுக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிப்போனார்கள் என்றார். நானும் மச்சாளும் அங்கேதான் வெள்ளிக்கிழமைகளில் போவோம். அவர் கொடுத்த சொக்லேட்டும் எங்கள் எள்ளுருண்டையும் மேசையில் கைமாறின.

இரவு வெளியே வந்து நின்றேன். ஊரில், மின்சாரம் இல்லாத வருடங்களில், முற்றத்தில் பாய் போட்டுப் படுத்துப் பார்த்த அத்தனை நட்சத்திரங்களும் இருந்தன. அதன் பிறகு அவற்றை நான் பார்த்ததே இல்லை.

இரண்டாம் நாள் பிற்பகல் இடியோடு மழை என்று வானிலை சொன்னதால் காலை ஏழு மணிக்கே இறங்கத் தொடங்கினோம். ஜூலை, ஆகஸ்டில் இதை வழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்: உயரமான பகுதியை நண்பகலுக்கு முன் முடித்துவிடுங்கள். அவசரமென்றால் ஹெலிகாப்டர் மீட்புச் சேவை ரேகாவின் எண் 1414. தொலைபேசி எடுக்காத இடத்தில் நிமிடத்துக்கு ஆறு முறை விசிலோ வெளிச்சமோ காட்டி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி காட்ட வேண்டும். நடக்க வெளிக்கிடும் முன் இதை மச்சாளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஆளுக்கொரு விசிலும் கழுத்தில் போட்டுக்கொண்டோம்.

ஸ்பீல்போடன்ஆல்புக்குத் திரும்பி அங்கிருந்து கிம்மல்வால்டுக்கு இறங்கினோம். ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் முழங்காலை வாங்கும். இரண்டு கைத்தடிகளும் இல்லாமல் நான் இந்த இறக்கத்தைச் செய்திருக்க மாட்டேன். இறங்கும்போது தடியைச் சற்று நீட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் சப்பாத்து என்னைக் கைவிட்டது. நகரத்தில் ஒரு கடையில் புதிதாக வாங்கியது. இறுக்கமாக இருந்தால்தான் மலைக்கு நல்லது என்று சொல்லி என் அளவையே விற்றார்கள். இறக்கத்தில் பெருவிரல் முன்னால் இடித்து, கிம்மல்வால்ட் வருமுன் நகம் கறுத்துவிட்டது. மலைச் சப்பாத்தைக் கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், தடித்த கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு வாங்குங்கள். கடையில் இருக்கும் சாய்வுப் பலகையில் கீழ்நோக்கி நின்று பாருங்கள். விரல் முன்னால் முட்டினால் எடுக்காதீர்கள். யார் என்ன சொன்னாலும் அரை அளவு பெரிதுதான்.

கிம்மல்வால்ட் 1,363 மீட்டரில் இருக்கும் உழவர் கிராமம். மூரெனில் விடுதிகளும் கடைத்தெருவும் உண்டு. இங்கே வைக்கோல் வாசமும் விறகு அடுக்குகளும். வீட்டு வாசல் அலமாரியில் பாலாடைக்கட்டியை வைத்து, பக்கத்தில் காசுப் பெட்டி வைத்திருந்தார்கள், ஆள் இல்லை. எடுத்துக்கொண்டு காசைப் போட்டோம். சில்லறைக் காசு கொண்டுபோங்கள். இரண்டில் ஒன்றில் தங்கச் சொன்னால் நான் கிம்மல்வால்டையே சொல்லுவேன். மூரெனில் இருந்து அங்கே தார்ப் பாதையிலேயே அரை மணி நேரத்துச் சொச்சத்தில் இறங்கிவிடலாம். மலைப் பாதைக்கு அஞ்சுகிறவர்களும் இந்த ஒரு துண்டை நடக்கலாம்.

செலவைச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்புரை நேர்மையாக இருக்காது. நடை இலவசம், அங்கே போய்ச் சேருவதுதான் பணம். சுவிஸில் வாழ்கிறவர்கள் பாதிக் கட்டண அட்டை இல்லாமல் போகவே வேண்டாம். குடிலில் இரவுச் சாப்பாடு, படுக்கை, காலைச் சாப்பாடு மூன்றுக்கும் சேர்த்து, பேர்ணில் ஒரு சாதாரண விடுதி அறைக்குக் கேட்பதைவிடக் குறைவாகவே எங்களுக்கு ஆனது. 2,970 மீட்டர் ஷில்ட்ஹோர்ன் உச்சிக்கு, சுழலும் உணவகம் இருக்கும் அந்த இடத்துக்கு, கேபிள் காரில் போய்வர ஆகும் காசை நாங்கள் செலவழிக்கவில்லை. வானம் துல்லியமாகத் தெரியும் நாளில், நடக்க முடியாத பெற்றோரைக் கூட்டிப்போகிறவர்களுக்கு அது தகும். கால் உள்ளவர்களுக்கு ஷில்ட்ஆல்பில் கிடைக்கும் காட்சியே போதும். இன்னொரு குறை, பாதையோரத்தில் கழிவறை அரிது. பெண்கள் இதைக் கணக்கில் எடுத்துத் திட்டமிட வேண்டும்.

கிம்மல்வால்டில் இருந்து ஷ்டெக்கல்பேர்க்குக் காட்டுவழி. செஃபினன் ஆற்றின் இரைச்சல் கூடவே வந்தது. கம்பத்தில் போட்டிருந்த நேரத்தைப்போல ஒன்றரை மடங்கு எடுத்தோம். முதல் நாளும் இதே ஒன்றரை மடங்குதான். எங்கள் வயதும் எங்கள் முழங்காலும் உள்ளவர்கள் அப்படியே பெருக்கிக்கொண்டால் கடைசி பஸ்ஸைத் தவறவிட மாட்டீர்கள். ஷ்டெக்கல்பேர்க்கில் மஞ்சள் நிறத் தபால் பஸ் நிற்கிறது. அது லவுட்டர்புருன்னனுக்குப் போகும் வழியில் ட்ரூம்மல்பாக் அருவியின் வாசலில் நிறுத்தும். ஐகர், முன்ஷ், யுங்ஃப்ராவ் மூன்றின் பனியுருகு நீரும் மலையின் வயிற்றுக்குள் பாறையைக் குடைந்து பத்து அருவிகளாக விழும் இடம் அது. டிக்கெட் எடுத்து உள்ளே போகலாம். என் விரல் இருந்த நிலையில் நாங்கள் இறங்கவில்லை.

பாதைகளுக்கும் பலகைகளுக்கும் பத்துக்குப் பத்து. குடிலுக்கு ஒன்பதரை; அந்த அரையை என் தூக்கம் எடுத்துக்கொண்டது. சப்பாத்துக்கு இரண்டு.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் முதல் இடி கேட்டது. மச்சாள் கைப்பேசியில் குடிலின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். செப்டம்பரில் இரண்டு இடம் இருக்கிறதாம், இந்த முறை செஃபினன்ஃபுர்க கணவாய்க்கு. நான் திங்கட்கிழமை மாலை, கால் வீங்கிய பிறகு, கம்பளிக் காலுறையோடு வேறு ஒரு சப்பாத்துக் கடைக்குப் போகிறேன்.